புத்தகத்தில் இருந்த பெயர்

நான் லாரி வாங்கிய அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் ஆறு பேர். பந்தல்குடியில் தூத்துக்குடி ரோட்டோரம் லாரி வைத்திருந்த அண்ணாச்சி, அவருடைய சம்சாரம், லாரியை ஓட்டிக்கொண்டிருந்த டிரைவர், விற்பனைச் சீட்டு எழுத வந்த மிளகாய்க் கடைக் கணக்கர், என் மச்சினன், நான். ஆறு பேரில் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரிந்தவர் கணக்கர் ஒருவர்தான். அவரும் லாரியின் ரிஜிஸ்தர் புஸ்தகத்தைத் திறந்து பார்க்கவில்லை. நான் வாங்கிப் பார்த்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு அதில் தெரிந்தது சர்க்கார் முத்திரை மட்டும்தான். முத்திரை இருந்தது. திருப்தியாக மூடிவிட்டேன்.

லாரியின் விலை ஆயிரத்து எழுநூற்று ஐம்பது. ஆயிரத்து நூறை எண்ணிக் கொடுத்தேன். மீதி அறுநூற்று ஐம்பதை, லாரி என் பேருக்கு மாறுகிற அன்றைக்குக் கொடுப்பது என்று சீட்டில் எழுதச் சொன்னேன். அந்த வரி என் வரி. யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் எழுதச் சொன்னேன். புதுச் சட்டம் வந்திருக்கிறது, வண்டி கை மாறினால் முப்பது நாளைக்குள் ஆபீசில் எழுதிக் கொடுத்துப் பேரை மாற்றிவிட வேண்டும் என்று அருப்புக்கோட்டையில் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சரியாகச் சோறு இறங்கவில்லை.

அண்ணாச்சி சிரித்தார். "ஏந் தம்பி, லாரிய ஒங்கிட்டக் குடுத்துட்டு பேர மட்டும் வச்சு நான் என்ன பண்ணப் போறேன்? உப்புப் போட்டு ஊற வைக்கவா?"

"அவுக அப்படித்தான் அண்ணாச்சி," என்றான் மச்சினன். "வீட்டைப் பூட்டிட்டு பாதி ரோடு போயித் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பாக்குற ஆளு."

அந்த ஆயிரத்து நூறு, திருச்சுழிப் பக்கம் எங்களுக்கு இருந்த இரண்டு குறுக்கம் கரிசல் நிலத்தை அடமானம் வைத்து வாங்கியது. இரண்டு வருஷத்தில் திருப்பாவிட்டால் நிலம் போய்விடும். லாரி ஓடினால் நிலம் நிற்கும். லாரி நின்றால் நிலம் ஓடிவிடும். நான் ராத்திரியும் பகலும் நினைத்துக்கொண்டிருந்தது இவ்வளவுதான்.

அண்ணாச்சி பெயர் மாற்றுகிற பாரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அழகான கையெழுத்து. கடைசி எழுத்துக்குக் கீழே வால் மாதிரி ஒரு கோடு இழுத்து, அதில் இரண்டு புள்ளி வைப்பார். அதைப் பத்திரமாக மடித்து எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போனேன். எங்கள் ஜில்லாவுக்கு ஆபீசெல்லாம் அப்போது அங்கேதான்.

குமாஸ்தா பாரத்தைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது யாரு கையெழுத்து?"

"லாரிக்காரர் கையெழுத்துங்க."

"லாரிக்காரர் பேரு இதில்லையே."

புத்தகத்தில் இருந்த பெயரை அவர் வாசித்தார். அப்படி ஒரு ஆளை நான் கேள்விப்பட்டதே இல்லை. யாரோ ஒருவருடைய லாரியை யாரோ எனக்கு விற்றுவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. பஸ்ஸில் திரும்பி, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகப் பந்தல்குடியில் போய் இறங்கி அண்ணாச்சியிடம் கேட்டேன்.

அண்ணாச்சிக்கே அது மறந்துபோயிருந்தது. அவர்கள் கத்தோலிக்கக் குடும்பம். ஞானஸ்நானத்துக்கு வைத்த பெயர் ஒன்று, வீட்டிலும் ஊரிலும் கூப்பிட்ட பெயர் வேறொன்று. லாரி வாங்கியபோது பாரம் எழுதிக் கொடுத்தவர் கோயில் பள்ளிக்கூடத்து வாத்தியார். சர்க்கார் காகிதம் என்பதால் மரியாதையாக இருக்கட்டும் என்று ஞானஸ்நானப் பெயரை இங்கிலீஷில் முழுசாக எழுதிவிட்டார்.

"அது நாந்தான் தம்பி," என்றார் அண்ணாச்சி. "ஆனா என்னை அந்தப் பேர்ல யாரும் கூப்பிட்டதில்ல. பின்னால நின்னு கூப்பிட்டா நானே திரும்பிப் பாக்க மாட்டேன்."

அந்தச் சமயம் பார்த்துப் பெட்ரோலுக்குக் கூப்பன் வந்துவிட்டது. யுத்தகாலம். கூப்பன் கொடுக்கிற இடத்திலும் அதே புத்தகத்தைக் கேட்டார்கள். புத்தகத்துப் பெயர்க்காரர் கேட்டால்தான் கொடுப்பார்களாம். நான் அவர் இல்லை. அண்ணாச்சியும் காகிதப்படி அவர் இல்லை. லாரி பாளையம்பட்டியில் என் வீட்டு வேப்பமரத்தடியில் நின்றது. அதன் மேல் கோழி முட்டை வைத்தது. டிரைவர் நாலு நாளைக்கு ஒருமுறை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன முதலாளி, லோடு ஏத்தியாச்சா?" என்று கோழியைக் காட்டிக் கேட்டுவிட்டுப் போவான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விற்கலாம் என்றால் என் பேரில் இல்லை. திருப்பிக் கொடுக்கலாம் என்றால் அண்ணாச்சி என் பணத்தில் மகளுக்குக் கல்யாணம் முடித்திருந்தார். ஓட்டினால் பிடிப்பார்கள். சும்மா நிறுத்தினால் வட்டி ஓடுகிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் புத்தகம் நின்றது.

அவர்களுடைய மாதா கோயில் சாமியாரிடம் போய் நின்றேன். அவர் நல்ல மனுஷர். ஞானஸ்நான ஏட்டைப் புரட்டி, உள்ளதை உள்ளபடி எழுதி, முத்திரை வைத்துக் கொடுத்தார். அதைத் தங்கம் மாதிரி மதுரைக்குக் கொண்டுபோனேன். ஏடு லத்தீனில் இருக்கும் என்றோ, அந்தப் பெயர் லத்தீனில் இன்னொரு விதமாக முடியும் என்றோ எனக்கு எப்படித் தெரியும்?

குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றினார். "ஏற்கெனவே ரெண்டு பேரு. இப்ப மூணாவதா ஒருத்தரையும் கூட்டிக்கிட்டு வந்துட்டீங்க." அப்புறம் என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, குரலைத் தணித்துக்கொண்டார். "ஆளை நேரா கூட்டிட்டு வாங்க. அதிகாரி முன்னாடி ரேகை வைக்கட்டும். ரேகைக்குப் பேரு கிடையாது."

அண்ணாச்சியிடம் ரேகை என்று நான் சொல்லவில்லை. "நேர்ல வரணுமாம்" என்று மட்டும் சொன்னேன். சொன்னால் வரமாட்டார் என்று தெரியும். நான் செய்தது தப்பு என்றும் தெரியும். சலவைச் சட்டை போட்டு, பையில் தன் சொந்தப் பேனாவைக் குத்திக்கொண்டு வந்தார். வழியெல்லாம் அந்தப் பேனாவைப் பார்த்துக்கொண்டே போனேன்.

ஆபீசில் கூட்டம். குமாஸ்தா மசித்தட்டை அதிகாரியின் மேஜையில் நகர்த்தி வைத்தார். அண்ணாச்சி பேனா மூடியைக் கழற்றினார்.

"அது வேணாம். இடது பெருவிரலைக் குடுங்க."

"எனக்குக் கையெழுத்துத் தெரியும்."

"புத்தகத்துல இருக்கிற பேரை இங்கிலீஷ்ல எழுதுவீங்களா?"

அண்ணாச்சி பேனாவைக் கையில் திருப்பிக்கொண்டே நின்றார். அவருக்கு எழுதத் தெரிந்தது அந்த ஒரு கையெழுத்துதான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வாலும் இரண்டு புள்ளியும் வைத்த அது மட்டும். பின்னால் நின்றவர்களில் ஒருவன், "பெருசு, சீக்கிரம் கைநாட்டு வச்சிட்டு நகருங்க" என்றான்.

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "தம்பி, இது ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

பொய் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். "நிலம் போயிரும் அண்ணாச்சி" என்று வந்தது.

அவர் பேனாவை மூடிப் பையில் குத்தினார். விரலைக் கொடுத்தார். குமாஸ்தா அதைப் பிடித்து, மசியில் உருட்டி, காகிதத்தில் பதித்தார். கீழே புத்தகத்துப் பெயரை எழுதி, 'இன்னாருடைய இடது பெருவிரல் ரேகை' என்று முடித்தார். அண்ணாச்சி கையைத் துடைக்கத் துணி கேட்கவில்லை. சலவைச் சட்டையிலும் துடைக்கவில்லை. பந்தல்குடி வரைக்கும் கட்டைவிரலைத் தனியாகத் தூக்கிப் பிடித்தபடியே வந்தார்.

பெயர் மாறிவிட்டது. கூப்பன் வந்தது. பருத்தியும் மிளகாயும் ஏற்றி லாரி ஓடியது. நிலத்தைத் திருப்பிவிட்டேன். ஆனால் சீட்டில் எழுதிய அந்த வரி இருந்ததே. பெயர் மாறிய நாலாம் நாளே அறுநூற்று ஐம்பதை மஞ்சள் துணியில் முடிந்துகொண்டு பந்தல்குடி போனேன்.

"யாருக்கு இது?" என்றார்.

"ஒங்களுக்குத்தான் அண்ணாச்சி. மீதி."

"லாரிய யாரு வித்தது? காகிதத்துல யாரு பேரு இருக்கு? அந்த ஆளைத் தேடிக் குடு. நான் கையெழுத்துத் தெரிஞ்சவன். கைநாட்டுக்காரன் காசு எனக்கு எதுக்கு?"

விளையாட்டுக்குச் சொல்கிறார், கோபம் ஆறிவிடும் என்று நினைத்தேன். வருஷத்துக்கு இரண்டு தடவை போனேன். அவர் சம்சாரம் காப்பி கொடுப்பார். அண்ணாச்சி மழை, மிளகாய் விலை எல்லாம் பேசுவார். நான் முடிச்சை அவிழ்க்கப் போனால் எழுந்து உள்ளே போய்விடுவார். ஒருமுறை அவர் இல்லாத நேரம் பார்த்து அந்த அம்மாவிடம் கொடுத்தேன். மறுநாளே அதே டிரைவர் கையில் முடிச்சு அவிழாமல் திரும்பி வந்துவிட்டது. மணியார்டர் அனுப்பலாம் என்று பாரம் வாங்கினேன். அதில் எந்தப் பெயரை எழுதுவது என்று தெரியாமல் அதையும் கிழித்துப் போட்டேன்.

லாரி பழைய இரும்புக்குப் போய்விட்டது. ரிஜிஸ்தர் புஸ்தகம் என் பெட்டியில் இருக்கிறது, சீட்டும் அதற்குள்ளேயே இருக்கிறது. அறுநூற்று ஐம்பது ரூபாய் பாக்கி.