சயாமில் வாங்கிய பெட்டி

எருமைத் தோல் பார்க்க முதலாளி சயாமுக்குப் புறப்பட்டபோது என்னையும் கூட்டிக்கொண்டார். ஆம்பூரில் அவருடைய தோல் மண்டியில் தரம் பிரிப்பது என் வேலை. ஒரு தோலை விரித்து உள்ளங்கையால் ஒருமுறை தடவினால் போதும். எங்கே உரிக்கும் கத்தி பட்டிருக்கிறது, எங்கே உண்ணி கடித்திருக்கிறது, எது சுண்ணாம்புக் குழியில் ஒருநாள் கூடுதலாகக் கிடந்தது என்று சொல்லிவிடுவேன். அதற்காக ஊரில் ஒரு மரியாதை இருந்தது. எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. அப்பா இல்லை. அம்மாவும் தங்கையும் நானும்தான் வீட்டில். தங்கையைக் காட்பாடியில் ரயில்வேயில் வேலை பார்க்கும் ஒரு பையனுக்கு நிச்சயம் செய்திருந்தோம். ஆவணியில் கல்யாணம். நான் கிளம்புகிற அன்று வாசலில் நின்று அவள் கேட்டாள்.

"அண்ணா, எனக்கு இன்னா வாங்கினு வருவ?"

"இன்னா வேணும் சொல்லு."

"எது வேணா. ஆனா அந்த ஊர்ல அவங்க கையால செஞ்சதா இருக்கணும். மதராஸ்ல வாங்கினு வந்து சயாம்னு சொல்லக்கூடாது."

சிரித்துக்கொண்டே சரி என்றேன்.

மதராஸில் கப்பலேறி, பினாங்கில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் பாங்காக்குப் போய்ச் சேர்ந்தோம். முதலாளியின் வேலை நான்கு நாளில் முடிந்தது. நான் கழித்த தோல்களை விட்டுவிட்டு, நல்லது என்று சொன்னதை அவர் எடுத்தார். திரும்புவதற்கு முந்தின நாள் என்னைப் பார்த்து, "போய்யா, வீட்டுக்கு எதுனா வாங்கணும்னா வாங்கிக்கோ. ஜாஸ்தி சுத்தாத, பாஷை தெரியாம பேஜாராப் போயிடும்" என்றார்.

கப்பல்துறைக்குப் பக்கத்துக் கடைகளில் பளபளவென்று கறுப்புப் பெட்டிகள் அடுக்கியிருந்தார்கள். தங்கக் கொடி, தங்கப் பறவை. ஒன்றை எடுத்துக் கவிழ்த்தேன். அடியில் ஒட்டியிருந்த காகிதத்தைச் சுரண்டி எடுத்த தடம் தெரிந்தது. இன்னொன்றில் காகிதமே இருந்தது. ஜப்பான் சரக்கு. என்னிடமா என்று நினைத்துக்கொண்டு கீழே வைத்தேன். கடைக்காரன் வேறு வேறு பெட்டிகளை எடுத்து நீட்டினான். நான் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தேன்.

ஒரு படகுக்காரனிடம் பெட்டி செய்வதுபோல் சைகை காட்டினேன். அவனுக்குப் புரிந்துவிட்டது. கால்வாயில் வெகுதூரம் கொண்டுபோய் ஒரு பலகை வீட்டின் முன்னால் இறக்கிவிட்டான்.

உள்ளே என் வயதுப் பெண் ஒருத்தி தரையில் உட்கார்ந்து, மூங்கில் பிளாச்சில் பின்னிய வட்டக் கூட்டின் மேல் கருநிற மரப்பாலைத் தடவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஈரச் சாக்கு மூடிய ஒரு பலகை அறை. அதற்குள் பூச்சு முடிந்த பெட்டிகள் வரிசையாக இருந்தன. ஒன்று என் கண்ணில் பட்டது. உள்ளங்கையகலம், மூடியில் மெல்லிய தங்கக் கொடி. எந்தக் கடையிலும் அந்தக் கறுப்பை நான் பார்க்கவில்லை. இதுதான் அசல் என்று மனசு சொல்லிவிட்டது.

அதைக் காட்டினேன். அவள் தலையை அசைத்தாள். மாட்டேன் என்று. நான் பணத்தை எடுத்து வைத்தேன். அவள் அதைத் தள்ளிவிட்டு, கையை வானத்தை நோக்கி உயர்த்தி விரலால் ஒரு வட்டம் போட்டாள். இரண்டு விரலைக் காட்டினாள். இரட்டிப்பு விலை கேட்கிறாள் என்று நினைத்து மேலும் வைத்தேன். அதையும் தள்ளினாள். பிறகு எழுந்து என் பக்கத்தில் வந்து தன் முன்னங்கையை நீட்டினாள். மணிக்கட்டிலிருந்து மேலே வரைக்கும் பழைய தழும்புகள், திட்டுத்திட்டாக. நகத்தால் சொறிவதுபோல் செய்து காட்டி, பெட்டியைக் காட்டினாள். ஏதோ சொறிநோய்க்காரி போலிருக்கிறது என்று எண்ணி நான் ஓரடி பின்வாங்கினேன். அதை அவள் பார்த்துவிட்டாள். கையை இழுத்துக்கொண்டாள்.

அந்த நேரம் அவள் புருஷன் உள்ளே வந்தான். தரையில் கிடந்த பணத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அவள் அவனிடம் வேகமாக ஏதோ சொன்னாள். அவன் கேட்கவில்லை. பெட்டியை எடுத்து வாழையிலையில் சுற்றி, மேலே துணி கட்டி என் கையில் கொடுத்துவிட்டான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடி உட்கார்ந்து வேலையைத் தொடங்கினாள்.

ஊர் வந்து சேர்ந்தபோது கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. தங்கை துணியைப் பிரித்துப் பார்த்தாள். பிறகு பெட்டியைக் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"எவ்ளோ வழவழன்னு கீது பாரும்மா!"

தோடு, பொட்டு, கண்மை எல்லாம் அதற்குள் போயிற்று. ராத்திரியில் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தாள். பக்கத்து வீட்டுப் பெண்களுக்குக் காட்டும்போதுகூட அவர்கள் கையில் கொடுக்க மாட்டாள். தானே பிடித்துக்கொண்டு காட்டுவாள்.

நான்காம் நாள் காலையில் அம்மா போட்ட சத்தத்தில்தான் விழித்தேன். தங்கையின் இரண்டு கண்ணும் வீங்கி மூடிப்போயிருந்தன. கன்னமெல்லாம் செக்கச்செவேலென்று கொப்புளம். விரல் இடுக்குகளில் நீர் வடிந்துகொண்டிருந்தது. அம்மை போட்டிருக்கிறது என்று அம்மா வேப்பிலை கொண்டுவந்து செருகினாள். ஆனால் காய்ச்சல் இல்லை. அரிப்பு மட்டும். சொறியாமலிருக்கத் தங்கையின் கைகளைத் துணியால் சுற்றி, நான் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வைத்தியர் வந்து பார்த்தார். "சேங்கொட்டை தொட்டியாம்மா?" என்று கேட்டார். வண்ணார் துணிக்குக் குறி போடுகிற கொட்டை அது. அதன் பால் சிலருக்கு ஆகாது, பட்டால் இப்படித்தான் வெந்துபோகும் என்றார். எங்கள் வீட்டில் யாரும் அதைத் தொடவில்லை. அவர் அந்தப் பெட்டியை எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்தார்.

"இது இன்னா மரத்துப் பாலு?"

மூடியின் உட்புறத்தை விரலால் அழுத்தினேன். லேசாக ஒட்டியது. அப்போதுதான் அந்தப் பெண் வானத்தில் போட்ட வட்டம் எனக்குப் புரிந்தது. நிலா. இரண்டு மாதம் போகட்டும், இன்னும் காயவில்லை என்றிருக்கிறாள். தழும்பைக் காட்டி, இப்படி ஆகிவிடும் என்றிருக்கிறாள். பதப்படாத தோலை மண்டியிலிருந்து வெளியே விடாதவன் நான். எனக்கு அது தெரியவில்லை.

மறுநாள் மாப்பிள்ளையின் தாய்மாமன் புடவை கொண்டுவந்தார். மறைக்க முடியாது. உள்ளே எட்டிப் பார்த்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"எத்தினி நாளா இப்படி?"

"நேத்துலேர்ந்துதான். இந்தப் பெட்டியோட பால் பட்டுப்போச்சு. பத்து நாள்ல அடங்கிடும்னு வைத்தியர் சொல்றாரு" என்றேன்.

"பெட்டியாலயா? பெட்டி பட்டு மூஞ்சி அழுகுமா தம்பி? உங்க குடும்பத்துல யாருக்காவது பெருநோய் இருந்துச்சா, அதச் சொல்லு."

குஷ்டத்தைத்தான் அப்படிச் சொன்னார். நான் பெட்டியை எடுத்தேன். அவர் கண் முன்னாலேயே மூடியின் உட்புறத்தை என் முன்னங்கையில் அழுத்தித் தேய்த்தேன். தோல் சிவக்கும்வரை தேய்த்தேன்.

"மூணு நாள் கழிச்சு வந்து பாருங்க மாமா. என் கை இன்னா ஆவுதுன்னு பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். நல்ல மனுஷர்தான். "சரி, வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த மூன்று நாளும் நான் மண்டிக்குப் போகவில்லை. கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல்நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் மறுபடி தேய்த்தேன், இரண்டு கையிலும். ஒன்றுமில்லை. சிலருக்குத்தான் ஆகாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். எனக்கு அது ஆகிற உடம்பாகப் போய்விட்டது. பன்னிரண்டு வருஷம் சுண்ணாம்பிலும் தோல் பதனிடும் ஆவாரம்பட்டைத் தண்ணீரிலும் ஊறின கைக்கு இனிமேல் எதுவும் உறைக்காதோ என்னவோ. மூன்றாம் நாள் விடிந்ததும் கை சுத்தமாக இருந்தது. என்ன செய்வது என்று தெரியாமல், நகத்தால் முன்னங்கையைக் கீற ஆரம்பித்தேன். கீறி, மேலே சுண்ணாம்பு தடவினால் சிவந்து காட்டும் என்று ஒரு யோசனை. தங்கை சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள். அவளுக்குக் கண் அப்போது ஒரு கீற்றுதான் திறந்திருந்தது.

"இன்னாண்ணா பண்ற?"

"ஒண்ணுமில்ல."

"சொறியாத. வேணாம். பொய்யா ஒண்ணு காட்டி அந்த வீட்டுக்கு நான் போவ மாட்டேன்."

மாமன் வந்தார். என் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகக்கீறலைத் தவிர அதில் ஒன்றுமில்லை. எனக்கு மட்டும் ஏன் வரவில்லை என்று வைத்தியர் சொன்னதைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது கட்டின கதைபோல் கேட்டது. அவர் அன்றைக்குத் தட்டில் வைத்துவிட்டுப் போன புடவையை எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டு, "எங்க பையனுக்கு வேற பாத்துக்கிறோம்மா. மனசுல வெச்சுக்காதீங்க" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

எட்டே நாளில் தங்கையின் முகம் தெளிந்துவிட்டது. ஒரு வடுகூட இல்லை. காட்பாடிக்கு ஆள் அனுப்பினேன், வந்து பாருங்கள் என்று. அதற்குள் அவர்கள் வேறிடத்தில் பாக்கு மாற்றி நிச்சயம் செய்திருந்தார்கள். ஊரில் மட்டும் அந்தப் பேச்சு அடங்கவில்லை. பெண் பார்க்க வருகிறவர்களிடம் யாராவது ஒருவர் தெருமுனையிலேயே சொல்லிவிடுவார்கள். பாதி வழியில் திரும்பியவர்கள் உண்டு.

பெட்டியைக் கொண்டுபோய்ப் பாலாற்று மணலில் புதைக்கச் சொன்னாள் அம்மா. புதைத்துவிட்டு வந்தேன். முதலாளி விஷயம் கேள்விப்பட்டு, "உன் தப்பு இன்னாய்யா இதுல?" என்றார். நான் அடுத்த தோலை எடுத்து விரித்தேன். வேண்டாம் வேண்டாம் என்று ஒருத்தி கையைக் காட்டியதைச் சொன்னால், அவளைக் கண்டு நான் பின்வாங்கியதையும் சொல்ல வேண்டும்.

நாலு வருஷம் கழித்து அரக்கோணத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மனைவியை இழந்தவர், இரண்டு சின்னக் குழந்தைகள். அவரிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அதுக்கு இன்னா இப்போ?" என்றார். அவ்வளவுதான். தங்கையும் சரி என்றாள்.

வருஷத்துக்கு இரண்டு தடவை போய்ப் பார்ப்பேன். சோறு போடுவாள், பிள்ளைகள் மடியில் ஏறும், மாப்பிள்ளை ஸ்டேஷன் வரைக்கும் வந்து வழியனுப்புவார். நல்லா இருக்கியா என்று ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் இலையை எடுத்துக்கொண்டே சொன்னாள்.

"இருக்கேண்ணா. நீ இப்படிக் கேட்டுக்கினே இருந்தா நான் இன்னா பதில்தான் சொல்றது?"

அதற்கப்புறம் நான் கேட்பதில்லை.