காலேதா, காவாலா

எனக்குத் தெரிஞ்சது சந்தைத் தெலுங்கு. தக்காளி வெலை பேசலாம், மண்டல் ஆபீசுல சர்டிபிகேட் கேக்கலாம். உடம்பப் பத்தி டாக்டர்கிட்ட சொல்ற தெலுங்கு வராது. தமிழ்லயே வராது, அது வேற சங்கதி.

ஆந்திரா எல்லையில எங்க சத்தியவேட்டுப் பக்கம் கம்பெனிங்க வந்தப்போ நைனா நெலத்தக் குடுத்தாரு, எனக்கு ஷிப்ட் வேலை கெடைச்சுது. கல்யாணமாயி ஆறு வருஷம், புள்ள இல்ல. முப்பத்தெட்டு வயசுல ஒடம்பு என்னக் கை வுட்டுருச்சு. சோறு துன்னா தூக்கம், தூங்கி எழுந்தா அசதி. பொண்டாட்டி பக்கத்துல வந்தா செவுத்துப் பக்கம் திரும்பிக்குவேன். வேற எவளாவது இருக்காளான்னு ஒரு நாள் கேட்டே புட்டா. இருந்திருந்தா கூட தேவலன்னு தோணுச்சு, அவ்ளோ கேவலமா இருந்துச்சு எனக்கு.

அவளுக்குச் சொல்லாம திருப்பதிக்குப் போனேன். காலங்காத்தால ரெண்டு தடவ ரத்தம் எடுத்தாங்க. ஆம்பள ஹார்மோன் ரொம்பக் கம்மின்னு டாக்டர் சொன்னாரு. சின்ன வயசு, ரயில் வேகத் தெலுங்கு. கதவுகிட்ட நர்சும் இன்னும் ரெண்டு பேரும் நின்னுக்கினு இருந்தாங்க. அப்பத்தான் அவரு ஏதோ கேட்டாரு. ‘பில்லலு காலேதா’ன்னு எங்காதுல வுழுந்துச்சு. புள்ளைங்க பொறக்கலியான்னு. ஊர்ல ஆறு வருஷமா எல்லாரும் கேக்கறதுதான? தலையக் குனிஞ்சிக்கினு ‘லேது சார்’ன்னேன். அப்புறம் அவரு சொன்னதுக்கெல்லாம் மண்டைய ஆட்டினேன். மூணு வாரத்துக்கு ஒரு ஊசின்னு எழுதிக் குடுத்தாரு.

பொய் சொல்லக்கூடாது, அந்த ஊசி நல்லாத்தான் வேலை செஞ்சுது. மூணாவது மாசம் நானாவே அவ கையப் புடிச்சேன். அவ சிரிச்சா. வீட்ல மறுபடியும் பேச்சு சத்தம் கேட்டுது. அந்தத் தைரியத்துலதான், வாய்யா, ரெண்டு பேரும் புள்ளைக்குன்னு டெஸ்ட் எடுத்துக்கலாம்னு கூப்ட்டா.

எனக்கு விந்தணு சைபர். ஒண்ணு கூட இல்ல. டெஸ்ட் பாத்த லேடி டாக்டருக்குத் தமிழ் தெரியும். என்ன மருந்து எடுக்கறீங்கன்னு கேட்டாங்க, ஊசிச் சீட்டக் காட்டினேன். வெளியேருந்து ஹார்மோன் குடுத்தா ஒடம்பு சொந்தமா சொரக்கறத நிறுத்திரும், விந்தணுவும் நின்னுரும், அதனால புள்ள வேணுங்கறவங்களுக்கு இதக் குடுக்க மாட்டாங்களேன்னாங்க. ஊசிய நிறுத்தினா திரும்ப வரலாம். மாசக் கணக்காகும், வருஷமும் ஆகும், வராமலும் போகலாம். வேற மருந்து இருக்கு, உறுதி சொல்ல முடியாதாம். அதுவரைக்கும் பழைய அசதி வருமான்னு கேட்டேன். வரலாம்னாங்க.

அப்பத்தான் வெளங்குச்சு. அன்னிக்கு அவரு கேட்டது ‘காலேதா’ இல்ல, ‘காவாலா’. புள்ளைங்க வேணுமான்னு கேட்டிருக்காரு. நான் இல்லன்னுட்டேன். ஒரு தடவ தலைய நிமுத்தி, இன்னொரு வாட்டி சொல்லுங்க சார்ன்னு கேட்டிருக்கலாம். வெக்கம் புடுங்கித் துன்னுச்சே!

ரூமுக்கு வெளிய ஒக்காந்திருந்த பொண்டாட்டிகிட்ட, திரும்பி வர்ற பஸ்ல எல்லாத்தயும் சொன்னேன். திட்டுவான்னு பாத்தேன். திட்டல. அவளுக்கு முப்பத்தாறு முடியப்போவுது.

“எனக்கு நீயும் வேணும், புள்ளையும் வேணும்”ன்னா. “இதுல எத வுடச் சொல்றாங்க?”

 

அடுத்த ஊசி நாளுக்கு அவளயும் திருப்பதிக்குக் கூட்டிக்கினு போனேன், ஊசி எழுதின டாக்டர்கிட்டயே, நிறுத்தலாமான்னு கேட்டுறலாம்னு. அவரு வர நேரமாவும்னாங்க. நர்சு சீட்ட வாங்கிப் பாத்துட்டு, ஊசி மருந்தக் கையில எடுத்துக்கினு, “காவாலா?”ன்னா.

எம்பொண்டாட்டி திருவள்ளூர்க்காரி, தெலுங்கு தெரியாது. என்ன கேக்கறாங்கன்னு எங்காதுல கேட்டா.

வேணுமான்னு கேக்கறாங்கன்னேன்.

ஊசியா புள்ளையா, எதுன்னு அவ கேக்கல.