பன்னிரண்டாவது எலி

மூளை ஆய்வுக்கூடத்தில் அவருக்குப் பெயர் அரைநிமிஷம். எலியின் கழுத்தை நெம்புகோல் கத்தியின் கீழ் வைப்பது, அழுத்துவது, மண்டையோட்டைக் கத்தரியால் பிளப்பது, மூளையைக் கரண்டியால் வழித்துப் புகை கக்கும் திரவ நைட்ரஜனில் போடுவது, எல்லாம் சேர்த்து முப்பது நொடி. இருபத்தெட்டு ஆனதுண்டு, முப்பத்திரண்டைத் தாண்டியதில்லை. பத்தொன்பது வருஷத்தில் பதினோராயிரத்து நானூற்று ஆறு எலிகள்.

அந்த வேகத்துக்குக் காரணம் உண்டு. தலை போன பிறகும் மூளை சற்று நேரம் தன் போக்கில் இயங்கும். ஒரு நரம்பு இன்னொரு நரம்பைத் தொடும் முனைகளில் புரதம் உருவாகிக்கொண்டும் சிதைந்துகொண்டும் இருக்கும். உடனே உறையவைத்தால்தான் உள்ளது உள்ளபடி நிற்கும். அதனால் அன்றன்றைக்கு அறுக்க வேண்டிய பன்னிரண்டு கூண்டுகளையும் கத்தி மேஜையிலேயே, முழங்கைக்கு எட்டும் தூரத்தில் வரிசையாக அடுக்கிக்கொள்வார். எலி எடுக்க நடக்கும் நேரம் மிச்சம். எத்தனையாவதாக அறுத்தது, எத்தனை நொடி ஆனது என்பதை, மூளையைப் போட்டுவைக்கும் குழாயின் மூடிக்கு உட்புறம் பென்சிலால் குறிப்பார். பனியில் மை அழியும், பென்சில் அழியாது. அந்தக் குறிப்பை அவரிடம் யாரும் கேட்டதில்லை.

இந்த முறை வந்த நாற்பத்தெட்டில் பாதி சாதா எலிகள், பாதி வேறு ரகம்.

"புதுசா ஏதாவது நடந்தாதான் அந்த முனையில புரதம் செய்யணும்ணே," என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். "அளவா செஞ்சுட்டு நிறுத்தணும். நிறுத்துறதுக்குன்னே ஒரு புரதம் இருக்கு. இதுங்களுக்குப் பிறவியிலேயே அது இல்ல. சும்மா இருந்தாலும் செஞ்சுகிட்டே இருக்கும்."

"எங்க மச்சான் வாய் மாதிரின்னு சொல்லுங்க."

மச்சான் வாய் யாரையும் கடித்ததில்லை. இவை அப்படியல்ல. செவ்வாய்க்கிழமை எஃகுத் தட்டு ஒன்று கை நழுவித் தரையில் விழுந்தது. அந்த ஓசைக்கு நிறுத்தம் இல்லாத எலி ஒன்று கூண்டுக்குள் வெறிபிடித்து ஓடியது. கம்பியில் தலையை மோதி மோதி மூக்கு கிழிந்தது. கால்கள் விறைத்து உடம்பு வில்லாக வளைந்தது. எடுப்பதற்குக் கையை உள்ளே விட்டார். கையுறையைக் கிழித்துக் கட்டைவிரல் நகத்தில் பல்லை இறக்கியது. உதறினார், விடவில்லை. விரலில் தொங்கியதை அப்படியே கத்தியின் கீழ் கொண்டுபோய் அழுத்தினார். உடல் கீழே விழுந்தது. தலை விரலிலேயே இருந்தது. தாடையை நெம்பிக் கழற்றிவிட்டு வேலையை முடித்தார். முப்பத்திரண்டு நொடி.

மறுநாள் டாக்டரம்மா, அறுத்தவற்றின் புரத அளவு எண்களோடு வந்தார். முகம் சரியில்லை.

"ரெண்டு ரகமும் ஒண்ணுபோல காட்டுதுண்ணே. சாதா எலிக்குள்ளயே ஒண்ணு நாப்பது, ஒண்ணு தொண்ணூறு. கை தளர்ந்துடுச்சா?"

"கடிகாரத்தைப் பாருங்கம்மா. கையைக் குத்தம் சொல்லாதீங்க."

"வெள்ளிக்கிழமைக்குள்ள காரணம் தெரியலைன்னா கத்தியை வேற ஆளுகிட்ட குடுத்துடுவேன். நீங்க கூண்டு கழுவுற பக்கம் போயிடுங்க."

வீட்டுக்கு வந்தவர், செருப்பைக் கழற்றிச் சுவரில் அடித்தார். காரை பெயர்ந்து விழுந்தது. உள்ளே மனைவி ஒரு கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்தாள். அன்று காலைதான் பல் பிடுங்கியிருந்தார்கள்.

"சுவரு என்ன பண்ணிச்சு? எலிய வெட்டுற வீரமெல்லாம் இங்க வேணாம்."

"வலிக்குதா?"

"பிடுங்கினது வலிக்கவே இல்லைங்க. நான் மூணாவது ஆளு. உள்ள போனவன் போட்ட கூச்சல்லயும், அவன் வாயில ரத்தத்தோட வெளிய வந்ததுலயும் எனக்குப் பாதி உசிரு போயிடுச்சு. முதல் ஆளா போயிருந்தா ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது."

அவர் கடிபட்ட கட்டைவிரலில் சுற்றியிருந்த கட்டுத்துணியையே பார்த்துக்கொண்டு நின்றார். முதல் எலி ஒருபோதும் கடித்ததில்லை. கடித்ததெல்லாம் கடைசி எலிகள்.

வியாழக்கிழமை காலை குழாய்களை எடுத்து வைத்து மூடிகளைத் திருப்பினார். அவர் வரிசை எண்ணைப் படிக்க, டாக்டரம்மா அளவைப் படித்தார். சாதா எலிகளில் முதலாவது நாற்பது. நான்காவது ஐம்பத்திரண்டு. எட்டாவது எழுபத்து நான்கு. பன்னிரண்டாவது தொண்ணூறு. நிறுத்தம் இல்லாதவை முதலிலிருந்து கடைசி வரை தொண்ணூறுக்குப் பக்கத்திலேயே நின்றன.

"பார்த்துக்கிட்டே இருந்திருக்குங்கம்மா. முன்னாடி போனதோட சத்தம், ரத்த வாடை, எல்லாத்தையும். அந்தப் பயத்தையே படிச்சுக்கிட்டு புரதம் செஞ்சிருக்கு. கூண்டைக் கத்திப் பக்கத்துல வெச்சது நான்தான். வேகத்துக்காக வெச்சேன்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்போ நாப்பத்தெட்டும் வீண்."

"ஆமாம்மா."

"கத்தி உங்ககிட்டயே இருக்கட்டும்ணே. ஆனா புதுசா நாப்பத்தெட்டு எலியை வரவழைச்சு மறுபடி அறுக்கணும்."

திங்கட்கிழமை கூண்டுகள் நடையைத் தாண்டிய அறையில், கதவடைத்து, இருட்டில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் கத்தியைக் கழுவி, உறையை மாற்றி, மேலங்கியையும் மாற்றிக்கொண்டு போய் எடுத்து வந்தார். பன்னிரண்டாவது ஒரு சாதா எலி. முண்டவில்லை. கட்டுப் போட்ட விரலை முகர்ந்தது. மேலங்கிக் கைக்குள் தலையை நுழைத்துச் சுருண்டுகொண்டது. இழுத்துக் கத்தியின் கீழ் வைத்தபோதும் உள்ளங்கைச் சூட்டைத் தேடியது. கடிக்கிற எலியை அறுக்க ஒரு கோபம் துணைக்கு இருக்கும். இதற்கு எந்தத் துணையும் இல்லை. நெம்புகோலில் கை நின்றது. பிறகு அழுத்தினார். ரத்தம் கட்டுத்துணியில் தெறித்தது.

நான்கு நாள் கழித்து டாக்டரம்மா ஓடிவந்தார்.

"பன்னெண்டாவது நாப்பத்தொண்ணு! முதல் எலி மாதிரியே!" மூடியைத் திருப்பியவர் நிறுத்தினார். "இதென்னண்ணே, நாப்பத்தாறு நொடின்னு எழுதியிருக்கீங்க?"

"கத்தி இறங்கின பிறகு வழக்கமான வேகம்தாம்மா. இறங்குறதுக்கு முன்னாடிதான் லேட்டு."

"ஏன்?"

"அந்த எலிக்கு எதுவும் தெரியலம்மா," என்றார் அவர். கத்தியைக் கழுவ எடுத்தார். இன்னும் முப்பத்தாறு இருந்தன.