தளம் போட ஒரு கையெழுத்து

என் கணவர் ஓட்டின் மேலிருந்து விழுந்து இறந்த பிறகு, கடலூர் முதுநகரில் இருக்கும் அந்த வீட்டை விற்றுவிடச் சொன்னவர்கள்தான் அதிகம். எனக்கும் மகளுக்கும் போக வேறு இடமில்லை. ஓட்டைப் பிரித்துத் தளம் போட்டுவிட்டால் போதும், மழைக்குப் பயந்து இன்னொருவர் மேலே ஏற வேண்டியிருக்காது என்று நினைத்தேன்.

மாநகராட்சி அனுமதி வாங்கித் தரும் இன்ஜினியரிடம் போனேன். சின்ன வயதுக்காரர். "ஓட்டுக்கு ஓடு மாத்தறதுன்னா ஒண்ணும் வேணாம் மேடம். தளம் போடறதுன்னா பிளான் அப்ரூவல் வாங்கியே ஆவணும்," என்றார். பட்டா யார் பெயரில் என்று கேட்டார். என் கணவர் பெயரில் என்றேன்.

"அப்ப சார ஒரு தடவ வந்து கையெழுத்து போட சொல்லுங்க."

"அவரு இல்லீங்க."

"வெளியூரா?"

இறந்துவிட்டார் என்று சொன்னேன். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு எழுந்து, எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பிறகுதான் வாரிசு சான்றிதழ், பட்டா மாற்றம் எல்லாம் விளக்கினார். தாலுகா ஆபீஸ், கிராம நிர்வாக அலுவலர் என்று அலைந்த இடத்திலெல்லாம் எப்படி இறந்தார் என்று யாராவது கேட்டார்கள். நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் அரை நாள் விடுப்பு போட்டுவிட்டுப் போய் நின்று, ஓட்டிலிருந்து விழுந்து என்று சொல்லிச் சொல்லி, ஒரு கட்டத்தில் யாரோ ஒருவருக்கு நடந்ததைப் போலச் சொல்லப் பழகிவிட்டேன்.

பட்டா புதிதாக வந்தபோது அதில் என் பெயரும், மகள் பெயரும், என் கணவருடைய அம்மா பெயரும் இருந்தன. விண்ணப்பத்திலும் பிளானிலும் அத்தையின் கையெழுத்து வேண்டும்.

அத்தை அப்போது சிதம்பரத்தில், நாத்தனார் வீட்டில் இருந்தார். காரியம் முடிந்த மறுநாளே கிளம்பிப் போனவர், கடலூர்ப் பக்கம் திரும்பவேயில்லை. போனில் பேத்தியிடம் பேசுவார். என்னிடம், "சாப்டியாம்மா?" என்பதோடு சரி. என் மேல் கோபமோ என்றுகூட நினைத்திருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். நாத்தனார் காபி போட உள்ளே போயிருந்தாள். அத்தை கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எப்போதும் படிய வாரிக் கொண்டை போட்டிருக்கும் தலை அன்று கலைந்து கிடந்தது. விஷயத்தைச் சொல்லி பிளானை விரித்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இதுல என் ரூம் எது?"

காட்டினேன்.

"அவன் விழுந்த எடம்?"

அடுப்படிக்குப் பின்னால், குழாயடிச் சிமெண்டுத் தரை. வரைபடத்தில் அந்த இடம் வெறும் வெள்ளையாக இருந்தது. விரல் வைத்தேன். அவரும் தன் விரலை அங்கே வைத்தார்.

"நான்தாம்மா ஏற சொன்னேன். கட்டுலு மேல சொட்டுது, தூங்க முடியலன்னு காலைலேருந்து நச்சரிச்சேன். மழ விடட்டும்மான்னான். நீ எப்பவும் இப்புடித்தான்னு திட்டினேன். அதுக்கப்புறம்தான் ஏணிய எடுத்தான்."

அன்று நான் பள்ளிக்கூடம் போயிருந்தேன். இது எனக்குத் தெரியாது. மழை லேசாகத் தூறிக்கொண்டிருக்கும்போது, பாசி பிடித்த ஓட்டில் அவர் ஏன் ஏறினார் என்பதை மட்டும் எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். நெல்லிக்குப்பம் மில்லில் ராத்திரி ஷிப்டு முடித்துவிட்டு வந்து, களைப்பில் புத்தி மழுங்கி ஏறிவிட்டார் என்று நானே ஒரு காரணம் வைத்திருந்தேன்.

கோபம் வரவில்லை. வந்திருந்தால் நல்லது என்றுகூடத் தோன்றியது, எதையாவது பேசியிருக்கலாம்.

"நீங்க சொல்லலன்னாலும் ஏறியிருப்பாரு அத்த," என்றேன்.

அது உண்மையில்லை என்று இருவருக்கும் தெரியும். வெயில் காலம் முழுக்க நான் கெஞ்சியும் ஏறாதவர் அவர். அத்தை பேனாவை வாங்கினார். ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். எழுதி முடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார். நாத்தனார் காபியோடு வந்தவள், பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனாள்.

பங்குனியில் அனுமதி வந்தது. சித்திரையில் ஓட்டைப் பிரித்தார்கள். திருவதிகைப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து, மாட்டுக்கொட்டகைக்கு என்று ஓடுகளை ஏற்றிப் போனார். கான்கிரீட் போட்ட அன்று அத்தையைக் கூப்பிட்டேன். உடம்பு சரியில்லை என்றார்.

வருஷ திதிக்குத்தான் வந்தார். சாமி கும்பிட்டு, படையல் எடுத்து, எல்லோரும் சாப்பிட்டு முடித்தபோது மழை பிடித்துக்கொண்டது. அத்தை தன் அறையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தெருவில் தண்ணீர் ஓடுவதைச் சன்னல் வழியே பார்த்தவர், அண்ணாந்து தளத்தைப் பார்த்தார்.

"மழ பேயறதே தெரியலியே," என்றார்.

"இங்கியே இருந்துடுங்க அத்த."

"பாக்கலாம்மா."

மறுநாள் காலை சிதம்பரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். சன்னலோரம் இடம் கிடைத்தது. பஸ் கிளம்பும்வரை பேத்தியின் படிப்பைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு நான் அவரை இருக்கச் சொல்லிக் கூப்பிடவில்லை. வெள்ளிக்கிழமைகளில் நானே போன் செய்கிறேன். இப்போதெல்லாம் கொஞ்சம் நீளமாகப் பேசுகிறோம், என் கணவரைப் பற்றியும்.