சனிக்கிழமைக்குள் நாலு பாகை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கொட்டாஞ்சேனையில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இருபது வருடமாகக் கடைகளுக்குப் பெரிய பிரிட்ஜ் பூட்டுவதும் பழுது பார்ப்பதும்தான் தொழில். அதில் பிரிட்ஜைத் திட்டியதைவிட அதை வைத்திருப்பவர்களைத் திட்டியதுதான் கூட. ஒருவர் கதவுக்குச் செங்கல் அண்டை கொடுத்துத் திறந்தே வைத்திருப்பார். பிறகு குளிரவில்லை என்று எனக்குப் போன் எடுப்பார். இன்னொருவர் கொதிக்கக் கொதிக்கக் குழம்புச் சட்டியை உள்ளே தள்ளுவார். திட்டாமல் என்ன செய்வது?

வெள்ளவத்தை அக்காவையும் அப்படித்தான் திட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது, கூடவே சிரிப்பும் வருகிறது.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. கொள்ளுப்பிட்டியில் ஒரு கந்தோரில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையில் வீடு. முன்னறையைக் கடையாக்கி, கேக்கும் கரமல் புடிங்கும் செய்து விற்கத் தொடங்கியிருந்தார். பென்ஷன் எடுத்த வயதில் இதென்ன விளையாட்டு என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்களாம். அந்தச் சிரிப்பு அவருக்கு நன்றாகவே சுட்டிருந்தது. அதனால் வாங்கும்போதே பெரிதாக வாங்கினார்: ஆளுயரம், இரண்டு கண்ணாடிக் கதவு, அடியில் மெஷின்.

பூட்டிய நாளே சண்டை. ஒழுங்கைக்குக் குறுக்கே தாழத் தொங்கிய வயர்களுக்குப் பயந்து, லொறிக்காரர் பிரிட்ஜைப் படுக்கவைத்துக் கொண்டுவந்துவிட்டார். படுத்து வந்த பிரிட்ஜை நிமிர்த்தி நாலு மணித்தியாலமாவது சும்மா விட வேண்டும். கொம்பிரசருக்குள் இருக்கும் எண்ணெய் குழாய்களுக்குள் ஓடியிருக்கும். அது திரும்பி வந்து சேர நேரம் வேண்டும். அவசரப்பட்டுப் போட்டால் கொம்பிரசர் போய்விடும்.

அக்கா கலண்டரோடு நின்றார். "தம்பி, பத்தரைக்கு ராகுகாலம் தொடங்குது. பத்தே காலுக்குப் போட்டிடுவம்."

"அக்கா, இது ரெண்டு மணிக்கு முன்னம் போட ஏலாது."

"நல்ல நேரம் போயிடும்."

"நேரம் போனா வரும். கொம்பிரசர் போனா வராது!"

அதற்குள் அவர் நான்கு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்துவிட்டிருந்தார். "இதென்ன பஸ்ஸா?" என்று கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "லைட்டை மட்டும் போடலாமோ?" என்றார்.

நல்ல கேள்வி. மெஷின் ஓடாதபடி சுவிட்சைத் திருப்பி வைத்துவிட்டு, பத்தே காலுக்கு உள்விளக்கை மட்டும் போட்டுக் காட்டினேன். வெறும் தட்டுகளில் வெள்ளை வெளிச்சம் விழுந்தது. அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டு, பால் காய்ச்சி எனக்கும் ஒரு கப் தந்தார். எலுமிச்சம்பழங்களை நசித்து பிரிட்ஜைச் சுவரோரம் தள்ளினோம். ரயில் போகும்போது தரை அதிருமாதலால், கதவு தானாகச் சாத்திக்கொள்ள முன்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தேன். இரண்டு மணிக்கு மெஷினைப் போட்டேன். பின்னேரம் மீட்டர் நாலு பாகை காட்டியது. புடிங்குக்கு அதுதான் கணக்கு.

அத்தோடு நான் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் எனக்கும் ஒரு பழக்கம் இருந்தது. நான் பூட்டும் ஒவ்வொரு பிரிட்ஜின் மெஷின் அறைக்குள்ளும் ஒரு புனிதர் படம் ஒட்டுவேன். தொலைந்ததைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறவர் அவர். செவ்வாய்க்கிழமைகளில் மனைவி அவருடைய கோயிலுக்குப் போய்ப் படம் வாங்கி வந்து என் கருவிப் பெட்டியில் வைப்பாள். வழக்கமாக முத்திரையைவிடக் கொஞ்சம் பெரிய படம்தான். அன்று அக்கா பிரிட்ஜின் தலையில், பட்டுத்துணி விரித்து, பெரிய பிள்ளையார் படம் ஒன்றை மாலையோடு வைத்ததைப் பார்த்தேன். மேலே அவ்வளவு பெரிய ஆள் இருக்க, கீழே எங்கள் ஆள் முத்திரை அளவிலா? திருநாளுக்கு வாங்கிய, கொப்பி மட்டை அளவில் லமினேட் செய்த படம் ஒன்று பெட்டியில் இருந்தது. மெஷின் அறையை மூடும் முன்தட்டுக்குப் பின்னால், இடப்பக்கச் சுவரில், நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டினேன். ஒன்றும் சொல்லாமல் தட்டைப் பூட்டினேன். "இந்தத் தட்டை நான் மட்டும்தான் கழற்றுவன், நீங்க தொடப்படாது" என்று கட்டளையும் போட்டுவிட்டு வந்தேன்.

இரண்டு வாரம் ஒரு குறையும் இல்லை. மூன்றாம் வாரம் திங்கட்கிழமை போன் வந்தது. "தம்பி, பன்னிரண்டில நிக்குது. இறங்குதில்லை."

போய்ப் பார்த்ததும் எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. காற்று உள்ளே போவதற்கென்று முன்தட்டில் நீளநீளமாக வெட்டியிருக்கும் இடுக்குகளில் ஆறு ஊதுபத்தி குத்தியிருந்தது. அதற்காகவே செய்த மாதிரிப் பொருந்தி நின்றன. ஆறையும் பிடுங்கி எடுத்தேன்.

"அக்கா, இது பிரிட்ஜா, பூசையறையா? இது மூச்சு விடுற இடம். மூக்குக்குள்ள ஊதுபத்தி வைப்பீங்களா?"

அக்காவின் கணவர் பேப்பருக்குப் பின்னால் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. சனிக்கிழமை ஒரு கலியாண வீட்டுக்கு நூற்றைம்பது கிண்ணம் புடிங் கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தார். முதல் பெரிய ஓடர். கலியாணமும், சிரித்த அதே சொந்தக்காரர் வீட்டில்தான்.

"சனிக்கிழமைக்குள்ள நாலுக்கு வருமோ?"

"வராட்டி நான் இனி ஸ்குரூட்ரைவர் தொட மாட்டேன்" என்றேன். நீள வாய் அல்லவா.

புதன்கிழமையும் பன்னிரண்டுதான். இந்த முறை என் விதிப்படி முதலில் மின்சாரத்தை நிறுத்தினேன், பிறகுதான் முன்தட்டைக் கழற்றினேன். சூட்டை வெளியே தள்ளும் குழாய்ச்சுருளைப் பிரஷ்ஷால் தேய்த்தேன். கடற்காற்று உப்பும் ஊதுபத்திச் சாம்பலும் ஒரு கைப்பிடி வந்தது. விசிறி நல்லம். குளிரூட்டும் வாயு அளவும் சரி. புனிதர் தன் சுவரில் அமைதியாக இருந்தார். சிலுவை அடையாளம் போட்டுவிட்டுத் தட்டைப் பூட்டினேன். மின்சாரம் கொடுத்தேன். ஒரு மணித்தியாலம் காத்திருந்தேன். மீட்டர் அசையவில்லை.

காரணம் தெரியவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். பிள்ளையார் தெரிந்தார்.

"இவரை இறக்குங்க. மேல சூடு தங்குது."

பொய். மெஷின் இருப்பது அடியில். தலையில் யானையே நின்றாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. எனக்கே தெரியும். அக்கா கதிரையில் ஏறி, மாலையைக் கழற்றி, படத்தை இரண்டு கையாலும் இறக்கிச் சுவர்த் தட்டில் வைத்தார். இறங்கும்போது அவருடைய முகம் சின்னதாகிவிட்டது. எனக்கு நெஞ்சுக்குள் உறுத்தியது. ஆனாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வெள்ளி காலை போனே வரவில்லை. நானாகவே போனேன். முட்டையும் பால்மாவும் மேசையில் குவிந்திருந்தன. அக்கா அவற்றைத் தொடாமல் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கலியாண வீட்டுக்கு ஏலாதெண்டு சொல்லப் போறன் தம்பி. நாளைக்கு அங்கை பழுதாப் போறதைவிட இண்டைக்கே சொல்லுறது நல்லம்."

"ஒரு மணித்தியாலம் தாங்க அக்கா."

திரும்பவும் மின்சாரத்தை நிறுத்தப் போனேன். அக்கா பொறுமை இழந்துவிட்டார். "நீங்கள் ஒவ்வொருக்காலும் நிப்பாட்டிப்போட்டுத்தானே பாக்கிறியள்? ஓடேக்கை என்ன செய்யுதெண்டு ஒருக்கா பாருங்கோவன்!"

இருபது வருடத்தில் எனக்கு அப்படி யாரும் சொன்னதில்லை. கேக் செய்கிறவர் எனக்குத் தொழில் சொல்லித் தருகிறாரா என்று ஒரு கணம் மூக்கு விடைத்தது. ஆனால் சரியாகத்தான் சொன்னார். மெஷினை ஓடவிட்டபடியே, கையை உள்ளே விடாமல், முன்தட்டை மட்டும் மெதுவாகக் கழற்றினேன்.

சுவரில் புனிதர் இல்லை. உப்பு ஈரத்துக்கும் மெஷின் சூட்டுக்கும் டேப் மூன்று பக்கம் விட்டுவிட்டது. சுருளுக்கு அருகான பக்கம் மட்டும் பிடித்திருந்தது. விசிறி காற்றை இழுக்க, படம் கதவு மாதிரித் திரும்பிக் குழாய்ச்சுருளோடு ஒட்டிக்கொண்டிருந்தது. முகம் சுருளுக்கு, முதுகு எனக்கு. சுருளின் பெரும்பகுதி மூடிப்போயிருந்தது. எட்டி சுவிட்சை நிறுத்தினேன். விசிறி நின்றதும் படம் மெல்லத் திரும்பி வந்து, ஒன்றும் தெரியாத மாதிரிச் சுவரில் சாய்ந்தது.

தொலைந்ததையெல்லாம் கண்டுபிடித்துக் கொடுக்கிறவர், நான் மூன்று முறை தேடிய பழுதாகத் தானே உள்ளே இருந்திருக்கிறார்.

படத்தைப் பிய்த்தெடுத்தேன். சட்டைக்குள் போட்டுக்கொண்டு, ஏதோ வயர் கழன்றிருந்தது என்று சொல்லிவிடலாம். உண்மையைச் சொன்னால், கை சட்டைப் பொத்தானுக்குப் போய்விட்டது. ஆனால் அக்கா என் தோளுக்குப் பின்னால் குனிந்து நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆர் ஒட்டினது?"

"நான்தான்."

எனக்கு நன்றாகக் கிடைக்கப்போகிறது என்று காத்திருந்தேன். பூசையறையா, மூக்கா, பஸ்ஸா, எல்லாவற்றுக்கும் சேர்த்துத் திருப்பித் தரலாம். அக்காவோ படத்தைக் கையில் வாங்கி, சேலைத் தலைப்பால் சாம்பலைத் துடைத்தார். "பாவம், சரியாச் சூடு குடிச்சிட்டார்" என்று மட்டும் சொன்னார். அவருடைய கணவர் பேப்பரை முழுதாகவே கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். அக்காவுக்குச் சிரிப்பு வந்தது, மீட்டர் பதினொன்றுக்கு இறங்கியபோதுதான். ஒன்பதுக்கு வந்ததும் முட்டை உடைக்கத் தொடங்கினார்.

சனி காலை யாரும் கூப்பிடாமலே போனேன். மீட்டரில் நாலு. கண்ணாடிக்குப் பின்னால் நூற்றைம்பது கிண்ணமும் வரிசையாக இருந்தன. ஏற்றிப் போக வான் வந்து ஒழுங்கையில் நின்றது. சொந்தக்காரர் வீட்டிலிருந்து வந்தவர் கிண்ணங்களை எண்ணி, "இவ்வளவும் நீங்களே செய்தனீங்களோ?" என்று இரண்டு முறை கேட்டார். அக்கா இரண்டு முறையும் "ஓம்" என்றார். அந்த "ஓம்" இரண்டும் இரண்டு கலியாணம் கண்ட மாதிரி இருந்தன.

வான் போனதும், எடுத்துவைத்திருந்த ஒரு கிண்ணத்தை எனக்கு நீட்டினார். சாப்பிடுவதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. எந்தக் கடையிலும் நான் சொல்லாத சொல்.

"மன்னிச்சுக்கொள்ளுங்க அக்கா. மேல சூடு தங்குதெண்டு சொன்னது பொய்."

"எனக்குத் தெரியும் தம்பி. மேல தொட்டுப் பார்த்தனான், குளிராத்தான் இருந்தது. அதை என்னட்டைச் சொல்லாதேங்கோ. மேல இருந்து இறங்கினவரிட்டைச் சொல்லுங்கோ."

திரும்பிப் பார்த்தேன். பிரிட்ஜின் தலையில் பட்டுத்துணி பழையபடி விரித்திருந்தது. பிள்ளையார் தன் இடத்துக்குத் திரும்பியிருந்தார். பக்கத்தில், துடைத்த முகத்தோடு, எங்கள் புனிதர். ஆளுக்கொரு நந்தியாவட்டைப் பூ.

புடிங் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளையாரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். எங்கள் ஆள் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.