முன் விறாந்தையில் ஒரு வெறுங்கதிரை

காலிதீனுக்கு வாழ்க்கை வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் தொடங்கும். மற்ற நாட்களெல்லாம் பொத்துவிலில், அரசாங்க நெற் களஞ்சியத்தில், மூட்டைகளோடும் தராசோடும் போய்விடும். அவர் அங்கே நிறுவைக்காரர். நெல்லுத் தூசி மூக்கிலும் காதிலும் புகுந்து, இரவில் கண்ணை மூடினாலும் இமைக்குள் உறுத்திக்கொண்டிருக்கும். ஜும்ஆத் தொழுகை முடிந்து, மிச்ச வேலையையும் முடித்துவிட்டுக் கல்முனை பஸ்ஸில் யன்னலோரம் இருந்துவிட்டால் போதும், அக்கரைப்பற்றைத் தாண்டும்போதே அவருடைய தோள்கள் தாமாக இறங்கத் தொடங்கும்.

வீட்டுக்கு வந்ததும் கிணற்றடிக்குத்தான் போவார். வாளி வாளியாக அள்ளித் தலையில் ஊற்றி, அந்தக் கிழமையின் தூசியைக் கழுவிவிட்டு, மனைவி றாபியா மடித்து வைத்திருக்கும் சாரனை உடுத்துக்கொண்டு முன் விறாந்தைக்கு வருவார். அங்கே முதிரை மரத்தில் செய்த ஒரு சாய்மனைக் கதிரை. அதில் சாய்ந்து, அதன் நீண்ட மரக்கைகளில் கால்களைத் தூக்கிப் போட்டால், றாபியா வெறுந்தேத்தண்ணியும் பனங்கட்டித் துண்டும் கொண்டு வந்து பக்கத்திலிருக்கும் வாங்குப் பலகையில் வைப்பாள். வானொலிப் பெட்டி மெல்லப் பேசிக்கொண்டிருக்கும்.

சனிக்கிழமை காலையில் சந்தைக்குப் போய் மீன் பார்ப்பார். வாங்குவதைவிடப் பார்ப்பதுதான் அதிகம். கடைசியில் ஒரு திரளியைத் தூக்கிச் செவுளை விரித்துப் பார்த்து, பையில் போட்டுக்கொண்டு வருவார். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கதிரையில் ஒரு நித்திரை. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுக் கடற்கரை. ஞாயிறு முடிவெட்டும் கடை, அங்கே கிடக்கும் பழைய பத்திரிகை, இரவில் தயிரோடு பிட்டு. இதற்கு மேல் அவர் எதையும் கேட்டதில்லை. அல்லாஹ் தனக்குக் குறை வைக்கவில்லை என்று அந்தக் கதிரையில் கிடந்தபடிதான் அவர் பல தடவை நினைத்திருக்கிறார்.

எழுபத்தெட்டுச் சூறாவளி அந்த வீட்டின் கூரையைத் தூக்கி எறிந்தபோதும் கதிரைக்கு ஒன்றும் ஆகவில்லை. இடிந்த சுவருக்கு நடுவே மழையில் நனைந்துகொண்டு அது நின்ற காட்சியைக் கண்டு, அழுதுகொண்டிருந்த றாபியாகூடச் சிரித்துவிட்டாள். அதன் பிறகு இரண்டு வருடமாகச் சனியும் ஞாயிறும் காலிதீன் தன் கையாலேயே கல் அடுக்கி, சாந்து பூசி, அந்த வீட்டை மறுபடி எழுப்பினார். மகள் கமீலாவுக்காக எழுப்பினார்.

எங்கள் கரையில் வீடு பெண்ணுக்குரியது. மகளுக்குக் கல்யாணம் என்றால் வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு, தாய் தகப்பன் வளவின் பின்பக்கத்தில் சின்னதாய் ஒன்றைக் கட்டிக்கொண்டு ஒதுங்கிக்கொள்வார்கள். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பான். காலிதீனும் அப்படி வந்தவர்தான். எண்பத்தோராம் ஆண்டு கமீலாவின் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை முத்தலிப் பள்ளிக்கூட ஆசிரியர், அமைதியான பிள்ளை, முகத்தை நேராகப் பார்க்கவே கூச்சப்படுபவர். காலிதீனும் றாபியாவும் பின்பக்கத்தில் ஓலைக் கிடுகு வேய்ந்த சின்ன வீட்டுக்குப் பாயையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனார்கள். கதிரை வீட்டோடு முன்னால் நின்றுவிட்டது. அதை எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அதுவும் சுவரைப் போல, கூரையைப் போல ஆகிவிட்டிருந்தது.

பிழை நடந்தது கல்யாணத்துக்குப் பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை.

பஸ்ஸால் இறங்கி வந்த காலிதீனின் கால்கள் பழைய வழியிலேயே நடந்தன. கிணற்றடி. சாரன். முன் விறாந்தை. கதிரையில் சாய்ந்து கண்ணை மூடி, தேத்தண்ணி கேட்டுக் குரல் கொடுத்தார். தேத்தண்ணி வந்தது. குடித்தார். பஸ்ஸின் ஆட்டம் இன்னும் உடம்பில் இருந்தது, அப்படியே அயர்ந்துவிட்டார். பொழுதுபட்டு மஃரிப் தொழுகைக்குப் பள்ளிவாசலில் அதான் சொல்லும் சத்தத்தில் விழித்தபோதுதான் வேலியோரம் முருங்கை மரத்தடியில் யாரோ நிற்பது தெரிந்தது. மருமகன். வெளியே போய்விட்டு வந்தவர், மாமனார் முன்னே கால் நீட்டிக் கிடப்பதைக் கண்டு, தன் வீட்டுக்குள் போக வழியில்லாமல், நுளம்பு கடிக்கக் கடிக்க அத்தனை நேரமும் அங்கேயே நின்றிருக்கிறார். கதவு நிலையில் கமீலா சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றாள். தகப்பனை எழுப்பவும் முடியவில்லை. புருஷனை உள்ளே கூப்பிடவும் முடியவில்லை.

காலிதீன் எழுந்தார். செருப்பைத் தேடினார். கதிரைக் கையில் போட்டிருந்த தன் துவாயை எடுத்துக்கொண்டு, பக்கத்து ஒழுங்கையால் பின்பக்கம் போனார். ஐம்பது வயதைத் தாண்டிய அந்த மனிதர் அன்று பிட்டைப் பாதியில் தள்ளி வைத்தார்.

"என்ன நடந்த?" என்று கேட்டாள் றாபியா.

"ஒண்டுமில்லகா. ஊடு மாறி ஏறிட்டன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் படுத்த பிறகு யோசித்தார். பிறந்த வீடு தங்கைக்குப் போயிற்று. வந்த வீடு றாபியாவின் தாய் கொடுத்தது. அதையே தான் மறுபடி கட்டியதும் மகளுக்கு. ஊரெல்லாம் அப்படித்தான், அதில் ஒரு குறையும் அவர் கண்டதில்லை. ஆனாலும் இன்று ஒரு கதிரைக்காக நெஞ்சு ஏன் இப்படிக் கிடந்து அடித்துக்கொள்கிறது? வீட்டைக் கொடுக்கும்போது நோகாத மனம், சனிக்கிழமை பகல் நித்திரையைக் கொடுக்கும்போது ஏன் நோகிறது?

அதற்குப் பிறகு அவர் முன்பக்கம் கால் வைக்கவில்லை. சனிக்கிழமை விடிந்து தேத்தண்ணி குடித்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். மகளும் மருமகனும் தாராளமாக இருக்கட்டும். கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். சந்தையில் வாங்காத மீனுக்கு விலை கேட்பார். முடிவெட்டும் கடையில் வெட்ட முடியில்லாத தலையோடு போய் இருப்பார். இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தும் காணாத பலவற்றை அந்த நாட்களில் அவர் கண்டார். ஈரவலையை உதறும்போது தெறிக்கும் செதில்கள். பகல் படம் விட்டு வெளியே வருகிறவர்கள் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பது. எல்லாம் அழகாகத்தான் இருந்தன. ஆனால் பார்த்து முடிந்ததும் போய்ச் சாய்ந்துகொள்ள ஓரிடம் வேண்டும். அது இல்லாதவனுக்கு ஊரே ஒரு பஸ் நிலையம்தான்.

இரவில் பக்கத்து ஒழுங்கையால் வருவார். முன் விறாந்தைப் பக்கம் தலை திரும்பாது. கமீலா இரண்டொரு சனிக்கிழமை பகலில் வந்து, வாப்பா முன்னுக்கு வந்து இருக்கட்டாம் என்று தாயிடம் சொன்னாளாம். வாப்பா எங்கே இருந்தார், கூப்பிட? சொன்னதைக் கேட்டபோதும் அவர் அது வெறும் உபசாரம் என்றே எடுத்துக்கொண்டார். கடைசியில் றாபியாவிடம், இனி மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும் என்று நினைப்பதாகவும், பொத்துவிலில் தங்குவதற்கு இடம் இருக்கிறதென்றும் சொன்னார். றாபியா விளக்கைக் குறைத்துவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவளுடைய தோள் குலுங்குவதை அவர் பார்த்தார்.

அடுத்த நாள் சனிக்கிழமை. ஊருக்குள் சுற்ற மனமில்லாமல் சைக்கிளைக் காரைதீவுக்குத் திருப்பி, மாவடிப்பள்ளி வரைக்கும் மிதித்தார். இரண்டு பக்கமும் வயல். காற்றுக்குக் கதிர்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து எழுந்தன. பாலத்தடியில் சீனித்தம்பியின் தேத்தண்ணிக் கடை. சீனித்தம்பி களஞ்சியத்துக்கு நெல் ஏற்றிவந்த காலத்திலிருந்தே காலிதீனுக்கு அவரைத் தெரியும். ஆறுதலாய் இருக்கும் இடத்துக்கு வந்திருக்கிறீர்கள் என்று வரவேற்ற சீனித்தம்பி, தேத்தண்ணியை ஆற்றியபடியே சொன்னார்:

"உங்கட ஊர் மாஸ்டர் ஒராளும் சனிக்கிழமையில இஞ்சதான் வாறவர். புதுமாப்பிள்ளையாம். பொண்டாட்டி வீட்டால கலைச்சுவிட்டுட்டா போல. ஒரு தேத்தண்ணியோட பொழுதுபடுமட்டும் இரிப்பார். எனக்கென்ன வருமானம், சொல்லுங்க?"

காலிதீன் எட்டிப் பார்த்தார். கடைக்குப் பின்னால், வயலைப் பார்த்துப் போட்டிருந்த வாங்கில், முழங்காலில் புத்தகத்தை வைத்துக்கொண்டு, அதைப் படிக்காமல் இருந்தார் முத்தலிப்.

மாமனாரைக் கண்டதும் அவர் பதறி எழுந்தார். காலிதீனும் திரும்பிப் போய்விடத்தான் பார்த்தார். ஆனால் போக வேறு இடம் இருவருக்கும் இல்லை. பிறகு காலிதீன் வாங்கின் ஒரு நுனியில் இருந்துகொண்டு, மற்ற நுனியைக் கையால் தட்டினார்.

"ஊட்டில இரிக்காம ஏன் மகன் இஞ்ச?"

முத்தலிப் வயலைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நான் இரிந்தா நீங்க முன்னுக்கு வரமாட்டீங்க மாமா. அதான் வெளிய போறன். ஒங்கட கதிரயில நான் ஒருநாளும் இரிக்கல்ல. இரிக்கவும் மாட்டன்."

"அப்ப அது?"

"சும்மாதான் கிடக்கு. கமீலா வெள்ளிக்கிழமையில தூசி தட்டுவா."

காலிதீனுக்குக் கண் மங்கியது. ஏதோ கேட்க வேண்டுமே என்பதற்காக, தாய் வீட்டுக்குப் போகலாமே என்று கேட்டார். அங்கே தங்கையின் மாப்பிள்ளை இருக்கிறார் என்றார் முத்தலிப். தான் போனால் அவர் எழும்பி நிற்பார் என்றார். அதைக் கேட்டுக் காலிதீன் சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை. சிரித்தபடியே துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தன்னைவிட இருபத்தைந்து வருடம் இளைய ஒருவன், தான் நடந்த அதே வழியில், அதே செருப்பைத் தேடும் காலோடு நடந்துகொண்டிருப்பதைப் போல அவருக்குத் தோன்றியது.

"நான் செஞ்ச பிழை ஒண்டுதான் மகன்," என்றார். "ஊட்டத் தந்துட்டு, கதிரய எடுக்க மறந்துட்டன். இப்ப வந்து எடுக்கிறன். ஒங்கட விறாந்தையில ஒங்களுக்குப் புடிச்ச மாதிரி ஒண்டப் போட்டுக் கால நீட்டுங்க. என்னக் கண்டு எழும்பப்படாது."

இரண்டு சைக்கிள்களும் முன்னும் பின்னுமாகக் கல்முனைக்குத் திரும்பின. வழியில் மீன் வாங்க நின்றார்கள். எதை வாங்குவது என்று மருமகனைக் கேட்டார் காலிதீன். முத்தலிப் காட்டிய மீன் அவ்வளவு நல்ல மீனில்லை. அவர் அதையே வாங்கினார்.

தான் தூக்குவதாக முத்தலிப் எவ்வளவோ சொல்லியும் காலிதீன் விடவில்லை. ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாகப் பிடித்து, கிணற்றடியைச் சுற்றி, கதிரையைப் பின்பக்கத்துக்குக் கொண்டு போனார்கள். சமையலை விட்டுக் குசினி வாசலுக்கு வந்து நின்ற றாபியாவும் கமீலாவும் ஒன்றும் விளங்காமல் வழி விட்டார்கள். மாமரத்து நிழல் விழும் மூலையில் இறக்கினார்கள். ஒரு கால் மணலில் புதைந்தது. முத்தலிப் குனிந்து ஓட்டுத் துண்டு ஒன்றை வைத்துச் சரிப்படுத்தினார்.

மறுநாள் ஞாயிறு. பகல் சாப்பாடு முடிந்து காலிதீன் கதிரையில் சாய்ந்தார். இங்கே தெருவும் தெரியவில்லை, போகிற வருகிறவர்களும் இல்லை. கிடுகுக் கூரையும், துணிக் கொடியும், கோழிகளும்தான். முன்பக்கம் வானொலிப் பெட்டி பாடுவது தூரத்தில் கேட்டது, சொற்கள் பிடிபடவில்லை. அதுதான் ஒரு குறை என்று நினைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

சிறிது நேரத்தில் பாட்டு நெருங்கி வந்தது. கண்ணைத் திறந்து பார்த்தார். முன்வீட்டின் பின் யன்னல் திறந்திருந்தது. யன்னல் விளிம்பில் வானொலிப் பெட்டி, முகத்தை இந்தப் பக்கம் திருப்பி வைத்தபடி இருந்தது. வைத்தவரைக் காணவில்லை.

றாபியா தேத்தண்ணியும் பனங்கட்டியும் கொண்டு வந்தாள். நாளைக்குப் பொத்துவில் போனால் எப்போது வருவது என்று கேட்டாள்.

"வெள்ளிக்கிழமதான்," என்றார் காலிதீன். கால்களை எடுத்துக் கதிரைக் கைகளில் போட்டுக்கொண்டார்.