வானம் பார்த்த ஷூ

வலது ஷூவின் அடிப்பாகம் மறுபடியும் வாயைப் பிளந்திருந்தது. ஷஹாத்தா அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யாரோ வேண்டுமென்றே செய்கிறார்கள். அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

அவர் மின்சார ரீடிங் எடுப்பவர். அலெக்சாண்டிரியாவின் பஹரிப் பக்கம் லிஃப்ட் இல்லாத கட்டடமெல்லாம் அவர் தலையில்தான். காலையில் ஏற ஆரம்பித்தால் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் வரை படிக்கட்டுதான். இருப்பதோ ஒரே ஜோடி கறுப்பு ஷூ, அதற்கு இது ஏழாவது குளிர்காலம். ஒரு ஷூ சும்மா ஏழு வருடம் ஓடிவிடாது. மழை நாளில் ஷூவுக்கு மேலே பிளாஸ்டிக் பை கட்டுவார். வீட்டுக்கு வந்ததும் உள்ளே செய்தித்தாளைத் திணிப்பார். நாடாவை அவிழ்க்காமல் காலை இழுத்துக் கழற்றுகிறவர்களைப் பார்த்தாலே அவருக்கு வயிறு எரியும். ரிப்பேர்க் கடைக்கு மட்டும் கொடுக்கமாட்டார். நல்ல குதிகாலைக் கழற்றி வைத்துக்கொண்டு பழசை அடித்துவிடுவான் என்பது அவர் கட்சி. பழைய லாரி டயரில் தானே வெட்டி, தானே ஒட்டுவார்.

பசை இறுக ஒரு முழுநாள் வெயில் வேண்டும். வேலையில்லாத நாள் வெள்ளிக்கிழமை ஒன்றுதான். ஆகவே வெள்ளிக்கிழமை காலையில் ஒட்டி, கயிறு சுற்றி, மொட்டை மாடியில் வெயில் படும்படி கவிழ்த்து வைப்பார். இரண்டு வாரமாக, சாயங்காலம் போய்ப் பார்த்தால் ஷூ நிமிர்ந்து நின்றது. துணி பிழிந்த தண்ணீர் ஓடும் தரையில் அடிப்பாகம் ஊறி, பசை கூழாகியிருந்தது. இரண்டு வாரமும் கயிறு கட்டிய ஷூவோடுதான் படியேறினார்.

இது மூன்றாவது வெள்ளி. இன்றும் ஒட்டவில்லையென்றால் புது ஷூ வாங்கியாக வேண்டும். வாங்கினால் மகள் நுஹாவுக்குக் கண்ணாடி கிடையாது. கரும்பலகை தெரியாமல் அவள் பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறாள்.

"மித்வல்லிதான். வேற யாரு?" என்றார் மனைவி இன்ஷிராஹிடம்.

மித்வல்லி மாடியில் புறா வளர்ப்பவர். படிக்கட்டு பல்பிலிருந்து புறாக்கூண்டுக்கு ஒயர் இழுத்திருந்தார். போன கோடையில் ஷஹாத்தா அதை மின்சார ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டார்.

"அவருக்கு வேற வேலை இல்லையா? உங்க ஷூவைத்தான் பார்த்துக்கிட்டு இருக்காராக்கும்."

"பழி வாங்குறவனுக்கு நேரமா கிடைக்காது?"

ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ஷஹாத்தா பிளாஸ்டிக் செருப்போடு மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குந்திக்கொண்டார். ஷூ இரண்டும் கவிழ்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தன.

முதலில் வந்தது இரண்டாம் மாடி உம்மு ஸாமி. இடுப்பில் துணிக்கூடை. ஷூவைப் பார்த்தாள். "அஸ்தக்ஃபிருல்லா, மன்னிச்சிடு இறைவா" என்று முணுமுணுத்துக்கொண்டே கால் கட்டைவிரலால் இரண்டையும் நிமிர்த்திவிட்டு, துணி உலர்த்தி, கீழே போய்விட்டாள். ஷஹாத்தாவுக்குத் திக்கென்றது. இவளுமா? மித்வல்லி ஆள் சேர்த்திருக்கிறானா? ஓடிப்போய் ஷூவைத் துடைத்துக் கவிழ்த்துவிட்டுப் பழைய இடத்துக்கே வந்து ஒளிந்தார்.

வெயில் சாயத் தொடங்கிய பிறகு வந்தது மித்வல்லி. தோளில் சோள மூட்டை. ஷூவைத் தாண்டிப் போனவர் நின்றார், திரும்பி வந்தார், குனிந்து ஒன்றை நிமிர்த்தினார்.

"பிடிச்சேன்யா உன்னை!" ஷஹாத்தா பாய்ந்த வேகத்தில் செருப்பு இரண்டும் தெறித்தன.

மித்வல்லி மூட்டையைக் கீழே போட்டார். "அட, மனுஷனை இப்படியா பயமுறுத்துவே! தொட்டிக்குப் பின்னாடி என்ன பண்றே? என் புறா மேல கண்ணா?"

"என் ஷூ மேல நீ ஏன் கை வெச்சே?"

"உன் ஷூவா அது? அடிப்பாகம் வானத்தைப் பார்த்துக் கிடக்குது. மேல இருக்கிறவன் முகத்துக்கு நேரா செருப்பைக் காட்டிக்கிட்டு... திருப்பாம போகச் சொல்றியா?"

"இது மூணாவது வாரம். மூணு வாரமா நீதான் திருப்பினே!"

"மூணு வாரம் என்ன, முப்பது வாரம்னாலும் திருப்புவேன். எவன் செருப்புனு பார்த்தா திருப்புவாங்க?"

"ஒயருக்குப் பழி தீர்க்கிறே. எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதே. நல்ல வேஷம்யா! நீ பண்ற வேலை எல்லாம்..."

சொல்லிக்கொண்டே ஷஹாத்தா குனிந்து எதையோ சரி செய்துவிட்டு நிமிர்ந்தார். மித்வல்லி அவரையே உற்றுப் பார்த்தார்.

"இப்ப நீ என்ன பண்ணினே?"

"என்ன பண்ணினேன்?"

"கீழே பாரு."

பாய்ந்தபோது ஷஹாத்தாவின் இடது செருப்பு கவிழ்ந்து விழுந்திருந்தது. இப்போது அது நேராக இருந்தது. கத்துகிற வாய் கத்திக்கொண்டிருக்க, கை தன் பாட்டுக்கு அதைத் திருப்பி வைத்திருந்தது.

"உன்னை எவன் ஏவினான்? நானா?" என்றார் மித்வல்லி.

சத்தம் கேட்டு இன்ஷிராஹ் மூச்சிரைக்க மேலே வந்தாள். "ரெண்டு பேரும் தெருவையே கூட்டுறீங்க" என்று சொல்லிக்கொண்டே, இன்னும் கவிழ்ந்திருந்த மற்றொரு ஷூவைக் காலால் நிமிர்த்தினாள். கீழே பார்க்கக்கூட இல்லை. மித்வல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஷஹாத்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வெயில் இன்னும் இரண்டு மணி நேரம்தான் இருக்கும்.

"கொண்டா இப்படி" என்று மித்வல்லிதான் ஷூவை வாங்கினார். நாடா இரண்டையும் முடிச்சுப் போட்டு, கூண்டின் கம்பி வலையில் மாட்டினார். முனை கீழே, குதிகால் மேலே, அடிப்பாகம் கடல் பக்கம் சாய்ந்த சூரியனுக்கு நேராக. "வானத்தையும் பார்க்கல, தரையையும் பார்க்கல. இனி எவனும் தொடமாட்டான்."

"புறா கொத்துமா?"

"டயரைக் கொத்துற புறாவை நான் வளர்க்கல."

ஷஹாத்தா அதை நம்பவில்லை. கூண்டுக்கு எதிரே ஒரு டின்னைக் கவிழ்த்துப் போட்டு, சூரியன் கடலில் இறங்கும்வரை புறாக்களைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஒயர் விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்கலாமா என்று ஒரு யோசனை வந்தது. அந்த ஒயர் உண்மையிலேயே திருட்டு ஒயர்தான் என்பதால் விட்டுவிட்டார்.

சனிக்கிழமை தாங்கியது. ஞாயிறு மழையிலும் தாங்கியது. அடுத்த வியாழன் வரை ஒவ்வொரு கட்டடத்தின் வாசலிலும் காலைத் தூக்கி விரலால் நெம்பிப் பார்த்தார். அசையவில்லை.

அன்று சாயங்காலமே நுஹாவைக் கண்ணாடிக் கடைக்கு அழைத்துப் போனார். கடைக்காரர் அவளுக்கு மாட்டிவிட்ட கண்ணாடியை ஷஹாத்தா கழற்றச் சொல்லி, திருகாணி, காதுக் கம்பி, மூக்குப் பிடி எல்லாம் தடவிப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டிவிட்டார்.

"நாங்க கேட்ட பவர்தானா இது?"

"அதேதான், ஐயா."

"நுஹா, அந்த எதிர்க்கடைப் பலகையைப் படி."

படித்தாள்.

"அது தினம் பார்க்கிற பலகை. மனப்பாடமா இருக்கும். அதுக்குக் கீழே சின்னதா ஏதோ இருக்கே, அதைப் படி."

"வெள்ளிக்கிழமை விடுமுறை. கடன் கேட்டு வெட்கப்பட வேண்டாம்."

இங்கிருந்து அவர் கண்ணுக்கு அது ஒரு கோடாகத்தான் தெரிந்தது. இவள் அடித்து விடுகிறாளா? ஷஹாத்தா டிராம் போகும் வரை காத்திருந்து, தேங்கிய தண்ணீரைத் தாண்டி எதிர்ப்பக்கம் போனார். பலகைக்கு அடியில் நின்று, ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"சரி" என்றார் கடைக்காரரிடம். "பெட்டியில போட்டுக் கொடுங்க."

"நான் போட்டுக்கிட்டே வர்றேனேப்பா" என்றாள் நுஹா.